மகளின் காரில் நான் பிடுங்கிய குழாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாளாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பொழுது விடிகிற நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெற்ற மகளின் காரைக் கெடுத்து வைக்கப் போன முட்டாள். சரி, கெடுக்கவாவது தெரிந்ததா என்றால் அதுவும் இல்லை. வண்டி சோம்பிக் கிடக்கட்டும் என்று நான் செய்த வேலை, வண்டிக்கு வெறி பிடிக்க வைக்கிற வேலையாகப் போய்விட்டது.

என் பெயர் அறிவழகன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். குடவாசல் பக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கூட்டம் பேச வந்த கழகப் பேச்சாளர் ஒருவர் மேடையிலேயே வைத்த பெயர் அது. அப்போது கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான் புதிதாக, பளபளப்பாகப் பெயர் வந்தது. அப்பா என்னைத் தூக்கிக் கொடுக்க, நான் பேச்சாளரின் துண்டை நனைத்தேனாம். நனைத்த பிறகும் அவர் அறிவழகன் என்றே வைத்தார் என்றால், அவருடைய பெருந்தன்மையைத்தான் மெச்ச வேண்டும். இப்போது நாங்கள் குடியிருக்கும் மெல்பர்னில் என்னை 'அரி' என்கிறார்கள். அறிவில் பாதி போச்சு, அழகு முழுசாகப் போச்சு.

2

என் மகள் கயலுக்கு இருபத்து மூன்று வயது. மருந்துக் கடையில் வேலை. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். திருப்பிப் பேசுவதுதான் தந்தி அடிப்பது மாதிரி இருக்கும். அவளுடைய வயதில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி சேமித்து வைத்து நகை வாங்குவாள். இவள் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கராஜில் நிறுத்தினாள். மறுவாரம் அதன் மூடியைத் திறந்து எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்தாள். என் மனைவி மல்லிகாவின் ஊறுகாய் ஜாடிகள் இருந்த அலமாரியில் போல்ட், நட்டு, ஸ்பானர். ஊறுகாய் ஜாடிகள் என் மேசைக்கு வந்துவிட்டன.

ஒருநாள் பெரிய நத்தை மாதிரி ஒரு இரும்புச் சாமானைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"காத்துக்கு."

"அதான் ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சே?"

"பத்தாது."

விவரம் பிறகுதான் புரிந்தது. அதற்குப் பெயர் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை அதற்குள் ஒரு சின்ன விசிறியைச் சுழற்றும். அந்த விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் எனக்கு ரத்த அழுத்தம் கூடும். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த சின்ன நத்தையை எடுத்துவிட்டு, இவள் பெரிய நத்தையை மாட்டுகிறாள்.

மாட்டி முடித்து முதல் தடவை கிளப்பிய அன்று நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு உறுமல். அப்புறம் அவள் மிதித்த காலை எடுத்ததும், தலைக்குப் பக்கத்தில் நல்ல பாம்பு சீறினது போல 'ட்ஸ்ஸ்ஸு' என்று ஒரு சத்தம். வரப்பில் நிஜப் பாம்பைத் தாண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். ஈரத் துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அரசாங்கம் தடுக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. போக்குவரத்துத் துறைக்கு போன் செய்தேன். அலுவலகத்தில் என் ஆங்கிலம் நன்றாகவே வேலை செய்யும். பயந்தால் மட்டும் குடவாசலுக்கு ஓடிவிடும். "என் மகள் வீட்டில் எஞ்சினுக்குள் ஊதிக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மறுமுனையிலிருந்த பெண் மிகவும் கனிவாக, "இப்போது அவர் மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டாள். அதைத் தெளிவுபடுத்தி, நாலு பேரிடம் மாற்றப்பட்டு, கடைசியில் ஒருவர் சொன்னார்: எஞ்சினை மாற்றலாம், ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும், அவரிடம் ஓட்டிப் போக ஒருநாள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

எனக்கு நிம்மதி. பட்டா மாற்றத்துக்காகத் தாசில்தார் ஆபீஸ் மரத்தடியிலேயே பாதி ஆயுளைக் கழித்த சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். சான்று, அனுமதி, சீட்டு என்று கேட்டதும், இதெல்லாம் நடந்து முடிய அவளுக்குக் கல்யாணமே ஆகிவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் கயலிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. பொறியாளர் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். நமக்கு வேண்டியபோது எந்த நாட்டு அரசாங்கமும் காலதாமதம் செய்வதில்லை.

3

எஞ்சின் சத்தத்துக்கு இப்படி ஏன் நடுங்குகிறேன் என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். உங்களில் சிலருக்கு அந்த வருஷங்கள் தெரிந்திருக்கும்.

அப்பா பண்ணை ஆள். ஒரு சம்பாவுக்கு முன்னால் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார்கள். மிராசுதார் முடியாது என்றார். ஆட்கள் ஏர் பூட்ட மறுத்தார்கள். மிராசுதார் மாயவரத்திலிருந்து ஒரு டிராக்டரை வரவழைத்தார். சிவப்பாக, எருமை இரண்டு சேர்ந்தது போல அது வாய்க்கால் பாலத்தில் ஏறி வந்தபோது பிள்ளைகள் நாங்கள் கைதட்டினோம். பெரியவர்கள் தட்டவில்லை. அது உழுதுவிட்டால் எங்கள் வீடுகளில் உலை ஏறாது என்று அவர்களுக்குத் தெரியும்.

டிரைவர் பெரிய வீட்டுக்குச் சாப்பிடப் போன நேரம் பார்த்து அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வயலில் இறங்கினார்கள். டீசல் தொட்டியிலிருந்து கீழே போகிற குழாயைப் பிடுங்கிவிட்டுக் கரையேறிவிட்டார்கள். டிரைவர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து ஏறி உட்கார்ந்தான். வண்டி நாலு இருமல் இருமிவிட்டுப் படுத்தது. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் போலீஸ் வேன் வந்தது. அப்பா வெட்டாற்றங்கரைக் கோரைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அதன் பிறகு தெருமுனையில் எந்த மோட்டார் சத்தம் கேட்டாலும் அம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிடுவாள். ஒளிந்திருக்கிற ஆளுக்கும் சேர்த்துச் சமைக்கிறோம் என்று புகை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அணைத்த அடுப்பிலிருந்து வருகிற ஈரச் சாம்பல் வாசனையில் நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம். பால் வண்டியாகவும் இருக்கும், கல்யாணக் காராகவும் இருக்கும். அது கடந்து போகிற வரைக்கும் எல்லாமே வேன்தான்.

எனக்கு நல்ல தமிழில் பெயர் தந்த கழகத்தின் ஆட்சிதான் அது. தெருவுக்கு விளக்குப் போட்டதும், என்னைப் படிக்க வைத்ததும் அதே ஆட்சிதான். வேனை அனுப்பியதும் அதுவேதான். இதில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் தாசில்தார் ஜீப்பில் வந்தார், பேசினார்கள், கூலி கொஞ்சம் ஏறியது, அப்பா கால் முழுக்கச் சேற்றுப் புண்ணோடு வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு பாடங்களோடு வளர்ந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டால் யாரையோ கொண்டுபோகப் போகிறார்கள். ஒரு குழாயைப் பிடுங்கினால் எஞ்சின் படுத்துவிடும்.

4

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேன். "நாளைக்கு நானும் கூட வர்றேனே?"

"வேணாம்ப்பா."

"ஏம்மா?"

"கத்துவீங்க."

மல்லிகா குழம்பை ஊற்றிக்கொண்டே, "உங்கப்பா கத்த மாட்டாரு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஐயோ ஐயோம்பாரு. அது வேற" என்றாள்.

"நெடுஞ்சாலைல ஓட்டிப் பாக்காத வண்டி அது. வழியில எதாவது ஆனா?"

"அதுக்குத்தான் மெதுவாப் போறேன்."

மெதுவாகப் போகிறவளுக்கு எதற்குப் பெரிய நத்தை? இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விடிகிற நேரத்தில் எழுந்தேன். கராஜில் காரின் மூடியைத் தூக்கினேன். உள்ளே நம் ஊர் ஆற்றுப் பாசன வரைபடம் போல எங்கு பார்த்தாலும் குழாய்கள். பெரியவற்றைத் தொடப் பயமாக இருந்தது. நத்தையின் பக்கத்திலிருந்து ஒரு சின்ன தகர டப்பாவுக்குப் போகிற, சுண்டு விரலை விட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று சாதுவாகத் தெரிந்தது. கிளிப்பை நெகிழ்த்தி டப்பா பக்கத்து முனையைப் பிடுங்கினேன். வேட்டி ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து, சுருட்டி, அந்த முனையை அடைத்தேன். ஏன் அடைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

என் கணக்கு இதுதான்: தெருமுனையில் கார் இருமி நின்றுவிடும். எரிச்சலோடு தள்ளிக்கொண்டு வருவாள். நான் இட்லியும் அனுதாபமுமாக வாசலில் நிற்பேன்.

கார் இருமவில்லை. தெருமுனையில் விளக்குப் போட்டுத் திரும்பி, பூனை போலப் போயே போய்விட்டது.

5

ஜமாலுக்கு போன் செய்தேன். முத்துப்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் மகனுக்கும் இதே கார்ப் பைத்தியம். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஜமால், புள்ள கார்ல ஒரு குழாயப் பிடுங்கிட்டேன். ஆனாலும் ஓடுதப்பா."

"பெரிய வேலதான் பிடுங்கியிருக்கே. எந்தக் குழா?"

சொன்னேன். எந்தப் பக்கம், எந்த டப்பா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "அறிவு, கயலு எங்க?" என்றார். குரலில் கேலி இல்லை.

"நெடுஞ்சாலைக்குப் போயிட்டா."

"அது வேகத்தக் குடுக்குற குழா இல்லடா. வேகத்தப் புடிச்சு நிறுத்துற குழா. எம்மவன் அத ஒழுங்கா மாட்டாமத்தான் எஞ்சின வெடிக்க வுட்டான்."

"புரியற மாதிரி சொல்லு."

"ஆத்துல வெள்ளம் ஏறுனா வடிகால் ஷட்டரத் தூக்குவாங்கல்ல? அந்த டப்பாதான் ஷட்டர்காரன். தண்ணி ஏறிடுச்சுன்னு அவன்கிட்ட ஓடிப்போய்ச் சொல்ற ஆளு அந்தக் குழா. நீ அந்த ஆளப் புடிச்சுக் கட்டிப்போட்டுட்டே. இனி ஷட்டரு தொறக்காது. அவ காலக் கொஞ்சம் அழுத்துனான்னா காத்து ஏறிக்கிட்டே போவும்."

"ஏறி?"

"கரை ஒடையும், வேறென்ன?"

கரை உடைவதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் சின்னதாக ஒரு கசிவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதை, பனைமரம், வைக்கோல் போர் எல்லாம் இல்லாமல் போய்விடும். அந்தத் தண்ணீருக்குள் என் மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று அவளிடம் கெஞ்சிச் சத்தியம் வாங்கியது நான்தான். பெற்ற பிள்ளை அப்பன் பேச்சைக் கேட்கிறதே என்று அழுத ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

ஜமால் கடை வேனோடு வந்து நின்றார். மல்லிகாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஜமாலோட கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துர்றேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கயலுக்கு என்ன?" என்றாள். நான் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வேன் முழுக்கக் கருவாடும் சின்ன வெங்காயமும். எவ்வளவு மிதித்தாலும் அதற்கு ஒரே வேகம். எங்களைச் சைக்கிள்காரன் முந்தாததுதான் பாக்கி. அந்த வேனுக்குப் பெரிய நத்தை ஒன்று இருந்திருக்கலாம் என்று மனம் ஏங்கியதை மறைக்க மாட்டேன். ஜமால் வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். நான், பகுத்தறிவு மேடையில் பெயர் வாங்கிய ஆள், குடவாசலில் தொடங்கி மாயவரம் வரைக்கும் உள்ள சாமிகளை ஒன்றுவிடாமல் கூப்பிட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லி, வீட்டுப் பெயரைச் சொல்லி, யாருடைய மகன் என்றும் சொன்னேன், ரொம்ப நாளாகத் தொடர்பு விட்டுப்போனதால்.

எதிர்ப்பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு போனது. நான் திரும்பி அதைக் கண்ணால் துரத்தினேன். "அது அந்தப் பக்கம் போற வண்டி. நமக்கில்ல" என்றார் ஜமால். அப்புறம் அவரும் ஓதுவதை நிறுத்திவிட்டார். சாலையோரம் கிடந்த டயர்த் துண்டு, தடுப்பில் இருந்த கீறல், தார் மேல் எண்ணெய்க் கறை, எல்லாம் என்னிடம் ஒன்றையே சொல்லின.

ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் தெரிந்தது. ஓரத்தில் அவளுடைய வெள்ளைக் கார். மூடி திறந்திருந்தது. காரில் ஆள் இல்லை.

6

நான் கத்தின கத்தலில் ஜமால் வேனை ஏறக்குறைய வாய்க்காலில் இறக்கிவிட்டார். இறங்கி ஓடினேன். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், புல்லில் கயல் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முழுசாக.

"அடி பட்டுச்சா? எங்கயாவது வலிக்குதா? தலையக் காட்டு!"

"ஒண்ணும் ஆகல."

"கையக் காட்டு."

கையைக் காட்டினாள். அதில் என் வேட்டித் துண்டு இருந்தது.

"இது உங்களுது."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். கட்டியிருந்த வேட்டியையே மாற்றாமல் வந்திருக்கிறேன். கிழிந்த ஓரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஜமால் பின்னாலிருந்து, "நான் வேன்ல இருக்கேம்மா. அடிக்கிறதா இருந்தா என்னைச் சாட்சிக்குக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஹைவேல ஏறும்போது மிதிச்சேன்" என்றாள் கயல். "மீட்டர் முள்ளு ஏறுச்சு. நிக்கவே இல்ல. உடனே கால எடுத்துட்டேன். பின்னாடி லாரி." அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. வேட்டித் துண்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "பயந்துட்டேன்ப்பா."

இத்தனை மாதமாக நான் ஆசைப்பட்டது அதுதான். இவளுக்குக் கொஞ்சமாவது பயம் வரட்டும் என்று. வந்துவிட்டது, நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். அவள் முகத்தில் அதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. அணைத்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகம் அது.

"வண்டி ஓடாதுன்னு நெனச்சுத்தாம்மா பிடுங்குனேன்."

"துணி எதுக்கு?"

எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைக் கேட்டாள். நானும் அப்போதுதான் யோசித்தேன். யோசித்ததும் தெரிந்துவிட்டது. டிராக்டரின் குழாயைப் பிடுங்கியபோது நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கரையிலிருந்து ஒரு பிடி வைக்கோலை முறுக்கி அந்த முனையை அடைத்தார். கூட இருந்த ஆள், "மிராசுதாரு வண்டிக்கு என்னண்ணே மரியாத?" என்று கேட்டதற்கு, "தூசி போனா எஞ்சின் கெட்டுப்போயிடும்டா. அது என்ன பண்ணுச்சு நம்மள?" என்றார். இதைச் சொன்னேன். டிராக்டரைச் சொன்னேன், வேனைச் சொன்னேன், கோரையைச் சொன்னேன். இருபத்து மூன்று வருஷமாக அவளிடம் சொல்லாததை, லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போகிற ஓரத்தில், புல்லில் உட்கார்ந்து சொன்னேன். ஒவ்வொரு லாரிக்கும் நான் திடுக்கிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தாவப் பிடிச்சாங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டினாள். எழுந்து போய்க் குழாயை டப்பாவில் மாட்டினாள். ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். எஞ்சினைக் கிளப்பி, பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஐயோ என்று சொல்லவில்லை. சத்தம் சீராக வந்தது. அணைத்தாள். கிளிப்பை இறுக்க இன்னொரு கை தேவைப்பட்டது போல. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன். "வேணாம்மா. இனிமே உன் கார நான் தொடவே மாட்டேன். சத்தியமா."

அவள் எஞ்சினுக்குள் குனிந்தபடியே சொன்னாள்:

"தொடுங்க. சொல்லிட்டுத் தொடுங்க."